பொட்டலம் போன பிறகும் பாக்கெட்டுக்குப் போகும் கை

உதட்டில் புகையிலை வைக்கிற பழக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் புற்றுநோய்ப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஒரு ஓரமாக நின்று பொட்டலத்தைப் பிரித்தவர்களை எனக்கு நிறையத் தெரியும். பல வருடம் நானும் அவர்களில் ஒருவன். எங்களுக்குப் பயமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம் நிறைய இருந்தது. பயம் வந்தால் மனசு படபடக்கும், படபடத்தால் கை பொட்டலத்தைத் தேடும். பயமுறுத்தியே ஒருவரை இதிலிருந்து மீட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த முடிச்சைப் பார்ப்பதே இல்லை. உடம்பில் என்ன நடக்கிறது என்று எழுத டாக்டர்கள் இருக்கிறார்கள். விட்ட பிறகு மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதை, அனுபவித்தவன் என்கிற முறையில் நான் எழுதுகிறேன்.

நாமக்கல் மாவட்டத்தில் குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறிக் குடோன்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பழக்கம் ஏன் இங்கே இவ்வளவு வேரோடியிருக்கிறது என்பது புரியும். உள்ளே பூராவும் பஞ்சுத் தூசி. பீடி பற்றவைத்தால் ஓனர் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார், அதில் நியாயமும் உண்டு. நூல் அறுந்தால் பிணைக்கணும், நாடாவில் நூல் சுற்றின தார்க்குச்சியை மாற்றணும், ஒரே ஆள் இத்தனை தறியையும் சுற்றிச் சுற்றி வரணும், இரண்டு கையும் எந்நேரமும் வேலையில் இருக்கும். சத்தத்தில் பக்கத்துத் தறிக்காரரிடம் பேசக்கூட முடியாது. ராத்திரி ஷிப்ட்டில் இரண்டு மணிக்குமேல் கண் சொருகும். தீ வேண்டாம், கை வேண்டாம், வெளியே போக வேண்டாம், தூக்கம் கலையும் என்று ஒரு பொருள் வந்தால் அது அங்கே நிலைக்காமல் என்ன செய்யும்? நூற்பாலையில் வேலை பார்க்கிறவர்களும் சித்தாள், கொத்தனார் வேலைக்குப் போகிறவர்களும் கிட்டத்தட்ட இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்.

செய்முறையை எழுதுகிறேன், காரணம் இருக்கிறது. இடது உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டணும். சுண்ணாம்பு போதாது என்று தோன்றினால் டப்பியிலிருந்து நகக்கண்ணில் ஒரு துளி எடுத்து வைக்கணும். வலது கட்டைவிரலால் சூடு ஏறும்வரை கசக்கணும். அப்புறம் வலது கையால் இரண்டு தட்டு தட்டினால் தூசி பறக்கும், பக்கத்தில் நிற்பவர் தும்முவார். மூன்று விரலால் அள்ளி, கீழுதட்டை இழுத்து, பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே அடக்கணும். சுண்ணாம்புதான் இதில் சூட்சுமம். அது சேரும்போது காரத்தன்மை கூடி, புகையிலையில் நம்மை அடிமையாக்குகிற நிகோட்டின் வாய்ச்சவ்வின் வழியாகச் சுலபமாக ரத்தத்தில் ஏறும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஆனால் அந்தக் கசக்கலும் தட்டலும் இருக்கிறதே, அதுவும் வெறும் தயாரிப்பு வேலை கிடையாது. கட்டைவிரல் உள்ளங்கையில் சுற்ற ஆரம்பித்த உடனேயே பாதி ஆறுதல் வந்துவிடும், இத்தனைக்கும் வாயில் இன்னும் எதுவும் வைத்திருக்க மாட்டோம். விட்டு மாதக்கணக்கான பிறகும் என் கட்டைவிரல் சும்மா இருக்கும்போது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருக்கும். என் மகள்தான் கவனித்து, “அப்பா, கையில என்ன?” என்று கேட்டாள்.

உடம்பின் கணக்கு கொஞ்சம் நேரானது. நிகோட்டின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உதடு கேட்கிறது. நிறுத்தினால் முதல் மூன்று நாள் உச்சம். எரிச்சல், தலைவலி, பசி, தூக்கக் குறைவு, மலச்சிக்கல், எதிலும் கவனம் நிற்காத நிலை எல்லாம் வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். ‘மூணு வாரம் தாங்கிட்டா போதும்’ என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் மூன்று வாரம் தாங்கினவர்களில் பலர் மூன்றாவது மாதத்தில் திரும்பப் போடுகிறார்களே, ஏன்? உடம்பில் அப்போது நிகோட்டின் இல்லை. உடம்பு அதைக் கேட்கவும் இல்லை.

இதைப் பற்றி நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் இது: ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் அது எனக்கு ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு வைத்தது தூக்கத்தைக் கலைக்க. சோறு தின்றபின் வைத்தது ‘சாப்பாடு முடிந்தது’ என்று வாய்க்குச் சொல்ல. பாவு நூல் தீர்ந்து தறி நின்றபோது, அடுத்த வேலைக்கு முன்னால் கிடைத்த ஐந்து நிமிடத்தை என்னுடையதாக்கிக்கொள்ள ஒன்று. ஓனர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டால், பதில் பேசாமல் வாயை மூடிக்கொண்டு இருக்க ஒன்று. வாய்க்குள் புகையிலை இருந்தால் பேச முடியாது. நான் பேசாமல் விழுங்கின எத்தனையோ பேச்சு அதன் பின்னால் இருந்தது. வீட்டுக் கடனை நினைத்தால் ஒன்று. சந்தோஷமான சேதி வந்தாலும் ஒன்று.

எல்லாமே ஒரே பொட்டலத்திலிருந்து வந்ததால் எல்லாவற்றையும் ஒரே பழக்கம் என்று நினைத்துவிட்டேன். நிறுத்தினபோது இத்தனை வேலைகளும் ஒரே நாளில் ஆளில்லாமல் நின்றன. மன உறுதி மட்டும் போதும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். மன உறுதி வாயைத் தடுக்கும், ஆனால் இரண்டு மணித் தூக்கத்தை அதனால் கலைக்க முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஆள் பார்க்கத்தான் வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பின்னால் வருவதுதான் எனக்கு ரொம்பச் சிரமமாக இருந்தது. தட்டைக் கழுவி வைத்த பிறகும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரியே இருக்கும். வயிறு நிறைந்திருக்கும், சாப்பிட்டு முடித்த உணர்வு மட்டும் வராது. சீரகம் மென்றேன், சரிப்படவில்லை. கடைசியில் சாப்பிட்டவுடன் பல் விளக்க ஆரம்பித்தேன். மதியமும் சரி, ராத்திரியும் சரி, கை கழுவின கையோடு பிரஷ்ஷை எடுத்துவிடுவேன். பேஸ்ட்டின் காரம் வாயில் இருக்கும்வரை வேறெதையும் வாய் கேட்காது. தூக்கத்துக்கு முகம் கழுவுவதும், பிளாஸ்க்கில் டீ கொண்டுபோவதும் பாதிதான் உதவின. அது உண்மையிலேயே தூக்கம் போதாத பிரச்சினை. பகலில் வீட்டில் பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவே தூங்கி, ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் தறி ஓட்டுகிற உடம்புக்கு எந்த யோசனையும் முழுசாக உதவாது. மாதத்தில் பாதி நாள் பகல் ஷிப்ட்டுக்கு மாறின பிறகுதான் அந்த இரண்டு மணி என்னை விட்டது. எல்லோருக்கும் அப்படி மாற முடியாது என்பது எனக்குத் தெரியும். இந்தப் பழக்கத்தைத் தனிமனிதனின் பலவீனம் என்று மட்டும் எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். ஷிப்ட் நேரத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இந்தப் பழக்கத்தில் இன்னொன்று உண்டு, சிகரெட்டில் அது இவ்வளவு கிடையாது. மறைக்க முடிவது. புகை வராது. உதட்டை மூடினால் யாருக்கும் தெரியாது. 2016–17ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், இந்தியாவில் வயது வந்தவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைப்பவர்கள், 21.4 சதவீதம் பேர் புகையில்லாத புகையிலை எடுப்பவர்கள் என்று வந்தது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் வீட்டில் யாராவது கண்டிப்பது என்றால் சிகரெட்டுக்குத்தான் கண்டிக்கிறார்கள், கண்ணுக்குத் தெரிவது அதுதானே.

தமிழ்நாட்டில் குட்காவுக்கும் புகையிலை கலந்த பான்மசாலாவுக்கும் 2013ல் தடை வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை உத்தரவுகளை ரத்து செய்தது. அதே வருடம் ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தடை வேண்டும் என்பதுதான் என் கருத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்கவாவது வேண்டும். ஆனால் ஏற்கெனவே பழகினவன் மனசில் தடை என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் முகத்தைப் பார்த்து ஒரு கண்ஜாடை, அவர் அடியிலிருந்து எடுத்து, மடித்த ரூபாய் நோட்டை வாங்குகிற கையோடு கொடுக்கிற ஒரு பொட்டலம். ஏற்கெனவே வீட்டுக்குத் தெரியாத ஒன்று, இப்போது ஊருக்கும் தெரியாததாகிறது. மறைப்பு இரண்டு மடிப்பாகிறது. மறைத்து வைத்த ஒன்றைப் பற்றி யாரிடமும் உதவி கேட்கத் தோன்றாது.

என் மனைவியிடம் நான் சொன்னதுதான் உண்மையில் விட ஆரம்பித்த நாள் என்று நினைக்கிறேன். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தலையணை உறையில் பழுப்புக் கறை இருந்தது, துவைக்கிறவள் அவள். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் நான் பொய் சொல்வேன், அப்புறம் அந்தப் பொய்யையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்று விட்டிருக்கிறாள். நான் சொன்னபோது அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. “சரிங்க. ஆசை வந்தா எங்கிட்ட சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா வந்துச்சுன்னு சொல்லுங்க” என்றாள். அந்த ஒரு ஏற்பாடு எனக்கு மருந்தைவிடப் பெரிய துணையாக இருந்தது. ராத்திரி ஷிப்ட்டிலிருந்து ‘வந்துச்சு’ என்று மெசேஜ் அனுப்புவேன். அவள் காலையில்தான் பார்ப்பாள். அது பரவாயில்லை. அனுப்பி முடிக்கும்போதே பாதி வேகம் குறைந்திருக்கும்.

நினைப்பை அடக்குவது பற்றி ஒரு விஷயம். 1987ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். சிலரிடம், வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் இனிமேல் நினைக்கலாம் என்று சொன்னதும், முன்பு அடக்கி வைத்திருந்தவர்களுக்கு அந்த நினைப்பு இன்னும் அதிகமாக வந்தது. இதைப் படித்தபோது எனக்கு முதல் வாரம்தான் ஞாபகம் வந்தது. ‘நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது’ என்று நாள் முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மாற்றாக ஆலன் மார்லட் என்ற இன்னொரு உளவியலாளர் ஒரு வழி சொன்னார். ஆசை வந்தால் சண்டை போடாதே, ஓடியும் போகாதே, அது ஏறுவதையும் இறங்குவதையும் கூட இருந்து கவனி என்றார். கடல் அலைமேல் பலகை வைத்துச் சறுக்குகிறவர்களை அவர் உதாரணம் காட்டினார். எனக்குக் கடலும் தெரியாது, பலகையும் தெரியாது. நான் உதட்டைக் கவனித்தேன். ஆசை வரும்போது கீழுதட்டின் இடது பக்கம், எப்போதும் வைக்கிற அதே இடத்தில், லேசாகக் குறுகுறுக்கும். எச்சில் ஊறும். தாடை இறுகும். நெஞ்சில் ஒரு அவசரம் வரும். இதை இப்படிப் பிரித்துப் பார்த்துக்கொண்டு தறியைச் சுற்றி வந்தால், இரண்டு இழை பிணைத்து முடிப்பதற்குள் அது தானாக இறங்கிவிடும். பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். அதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தது, போட்டால்தான் ஆசை அடங்கும் என்று. போடாவிட்டாலும் அது அடங்கும் என்பதை என் உடம்பிலேயே பார்த்தது பெரிய நிம்மதி.

போட்டால் டென்ஷன் குறையும் என்று எல்லோரும் சொல்கிறோம், அதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கடைசியாக வைத்து இரண்டு மணி நேரம் ஆனதால் வந்த படபடப்பைத்தான் அடுத்தது அடக்குகிறது. கடனும் ஓனரும் அப்படியேதான் இருக்கிறார்கள். புகைப்பதை விட்டவர்களைப் பற்றிய 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. விட்டவர்களுக்குக் கவலையும் மனச்சோர்வும், தொடர்ந்தவர்களைவிடக் குறைந்திருந்தன என்பதுதான் அதன் முடிவு. அது சிகரெட் பற்றியது என்றாலும் இரண்டிலும் இருப்பது ஒரே நிகோட்டின்தான், என் அனுபவமும் அதையே சொல்கிறது. விட்ட முதல் மாதம் நான் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். அரை வருடம் போனபின் வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பயப்படவில்லை.

எங்கள் குடோனில் ஒரு அண்ணன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு முன்னாலேயே விட்டவர். ஒரு துக்க வீட்டுக்குப் போனார். அவருடைய சித்தப்பா இறந்திருந்தார். வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. துக்க வீட்டில் அந்தத் தட்டு சுற்றி வருவது எங்கள் பக்கம் வழக்கம். ராத்திரி முழுக்க உட்கார வேண்டும், பேசவும் ஒன்றுமில்லை. யாரோ நீட்டினார்கள், எடுத்துப் போட்டுவிட்டார். அந்த ஒரு வாய்ப் புகையிலை அவரைக் கெடுக்கவில்லை. மறுநாள் காலையில் “அவ்வளவுதான், எனக்கெல்லாம் இது முடியாது, எழுதி வெச்ச மாதிரி” என்று அவர் தன்னைப் பற்றி எடுத்த முடிவுதான் கெடுத்தது. அன்று சாயங்காலமே பொட்டலம் வாங்கிவிட்டார். மார்லட் இதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஒருமுறை சறுக்கினவர் அதைத் தன் குணத்தின் குற்றமாக எடுத்துக்கொண்டால், அந்த வெட்கமே அவரை முழுசாகத் திரும்பத் தள்ளும் என்கிறார். பிறகு அந்த அண்ணன் திரும்பவும் விட்டார். இந்தத் தடவை கல்யாணம், கருமாதி என்று எங்கே போனாலும் தட்டு வருவதற்கு முன்பே வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்கிறார். “வாய்ல இருக்குதுங்க” என்று உண்மையாகவே சொல்லிவிடலாம் பாருங்கள்.

கிராம்பு, சீரகம், காய்ந்த நெல்லிக்காய் எல்லாம் சரி. பாக்கு மட்டும் வேண்டாம். புகையிலையை விட்டுவிட்டுப் பாக்குக்கு மாறினவர்கள் ஏராளம், அது ஆபத்தில்லை என்றே நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே பாக்கைத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. வாய் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, மூன்று விரல்கூட உள்ளே போகாமல் ஆகிற நோய் இருக்கிறதே, அதற்கு முக்கியக் காரணமே பாக்குதான்.

பெண்களைப் பற்றி இதில் யாரும் எழுதுவதில்லை. களையெடுக்கப் போகிற பெரியம்மாக்கள் காலையில் வெற்றிலையோடு புகையிலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினால் மதியம்வரை பசி தெரியாது. என் பெரியம்மா அப்படித்தான் நாலு பிள்ளைகளை வளர்த்தார். சுருக்குப்பையை எடுத்து, பக்கத்தில் இருக்கிறவளுக்கு ஒரு கிள்ளு கொடுத்து, தானும் போட்டுக்கொண்டு பேசுகிற அந்தப் பத்து நிமிடம்தான் அவருக்கு அன்றைக்கு இருந்த ஓய்வு, சிநேகம் எல்லாம். ‘விட்டுருங்க பெரியம்மா’ என்று நாம் சொல்லும்போது அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்து விடச் சொல்கிறோம். அந்த உட்காரலும் பேச்சும் அவருக்குத் தொடர்ந்து கிடைக்க வீட்டில் இருக்கிறவர்கள் வழி செய்தால்தான், கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம். இலவசத் தொலைபேசி எண் ஒன்று இருக்கிறது, 1800 11 2356. 2018லிருந்து புகையிலைப் பொருள்களின் பாக்கெட்டிலேயே அச்சாகி வருகிறது. சட்டப்படி வருகிற பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் இதற்கென்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002லேயே புகையிலை விடுவிப்பு மையம் தொடங்கினார்கள். நிகோட்டின் சூயிங்கம் டாக்டர் யோசனையோடு எடுக்கலாம். ஆனால் அதைச் சாதா சூயிங்கம் மாதிரி மென்று தள்ளக் கூடாது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, அப்புறம் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்கு முன்னும் வாயில் இருக்கும்போதும் டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் குடித்தால் புளிப்பு அதை உறிஞ்ச விடாது. சுண்ணாம்பு செய்ததற்கு நேர்மாறான வேலை அது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இப்போது விட்டு இரண்டாவது வாரத்தில் இருக்கிறான். “சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரியே இல்லைங்ணா” என்று நேற்று போன் செய்தான். பிரஷ் விஷயத்தைச் சொன்னேன். அவன் உதட்டின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது, ரொம்ப நாளாகப் பார்த்துப் பார்த்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் காட்டிவிட வேண்டும் என்று சொன்னேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரிடம் போகிறோம். வீட்டில் சொல்லாமல் போய்விட்டு வந்துவிடலாமா என்று முதலில் கேட்டான். ராத்திரி அவனே திரும்பக் கூப்பிட்டு, “அவகிட்ட சொல்லிட்டேன், அவளும் வர்றாளாம்ங்ணா” என்றான்.